‘நைசிட்டீஸ்’: ஒரு சொல்லும் அதன் நுணுக்கங்களும்

நுணுக்கங்களைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் சற்று உத்தியோகபூர்வமான ஒரு சொல் ‘நைசிட்டீஸ்’. ஒருமையில் ‘நைசிட்டி’. வீட்டுப் பேச்சில் இது அரிதாகவே வரும். ஆங்கிலப் பத்திரிகைகளின் ஆசிரியர் தலையங்கங்கள், நீதிமன்றச் செய்திகள், இலக்கியத் திறனாய்வுகள் ஆகியவற்றை வாசிக்கும் மாணவிகள் இச்சொல்லைக் கட்டாயம் சந்திப்பார்கள். சந்தித்ததும் ‘நைஸ்’ என்ற பழகிய சொல் உள்ளே தெரிவதால், “நல்ல விஷயங்கள்” என்று பொருள் கொண்டு அப்பால் போய்விடுவார்கள். வகுப்பில் இதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அப்படிப் பொருள் கொண்டால் வாக்கியம் முழுவதும் தலைகீழாகிவிடும் இடங்களும் உண்டு. எனவேதான் இந்த ஒரு சொல்லுக்கு ஒரு கட்டுரை.

முதலில் உச்சரிப்பு. ‘நைஸ்’ என்பது ஓரசை. அதே எழுத்துகள் இதிலும் இருப்பதால் ‘நைஸ்ட்டி’ என்று இரண்டு அசையில் வாசிப்போர் பலர். அது சரியன்று. நை-சி-ட்டி என்று மூன்று அசைகள். அழுத்தம் முதல் அசையில் விழும்.

மூன்று பொருள்கள்

இன்றைய வழக்கில் இச்சொல்லுக்கு முக்கியமாக மூன்று பொருள்கள் உள்ளன.

ஒன்று, நுணுக்கமான வேறுபாடு அல்லது நுட்பமான விவரம். ‘லீகல் நைசிட்டீஸ்’ என்றால் சட்ட நுணுக்கங்கள். இலக்கண நுணுக்கங்கள், நடைமுறை நுணுக்கங்கள் என்பவற்றுக்கும் இதே சொல்லைச் சேர்ப்பார்கள். இப்பொருளில் இது பெரும்பாலும் பன்மையிலேயே வரும்.

இரண்டு, பழகும் முறையிலுள்ள இங்கிதம். ‘சோஷல் நைசிட்டீஸ்’ என்பதை இங்கிதங்கள், மரியாதைச் சம்பிரதாயங்கள் என்று சொல்லலாம். வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்த எடுப்பில் வந்த காரியத்தைக் கேளாமல், ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, குடிக்க ஏதாவது கொடுத்த பிறகு கேட்கிறோமே, அதுதான்.

மூன்று, துல்லியம். ‘டு எ நைசிட்டி’ என்றொரு தொடர் உண்டு. தைத்த சட்டை உடம்புக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தினால், சோறு பதம் தப்பாமல் வெந்தால், இத்தொடரைப் பயன்படுத்தலாம். தமிழில் ‘இம்மியும் பிசகாமல்’ என்பது இதற்கு நன்றாகப் பொருந்தும். இம்மி என்பது பழைய தமிழ்க் கணக்கில் மிகச் சிறிய ஒரு பின்னம். இப்பொருளில் வரும்போது சொல் ஒருமையிலேயே நிற்கும்.

ஒரே சொல்லுக்குச் சட்டத்தில் நுணுக்கம், விருந்தில் இங்கிதம், தையலில் துல்லியம் என்று மூன்று மொழிபெயர்ப்புகள். இருமொழி அகராதியில் முதலாவதாகக் கிடக்கும் சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அறியாமையில் பிறந்த சொல்

இச்சொல்லின் பூர்வீகம் வியப்பானது. இலத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதன் முன் எதிர்மறையான ‘நே’ சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’ ஆனது. பொருள்: அறியாதவன். இது பழைய பிரெஞ்சு மொழியில் ‘நீஸ்’ என்று திரிந்து, மூடன், அப்பாவி என்ற பொருளைப் பெற்றது. 1300ஆம் ஆண்டளவில் அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சோசர் ஒருவரை ‘நைஸ்’ என்றால் அது பாராட்டு அல்ல. அவன் புத்தியில்லாதவன் என்கிறார். அக்காலத்தில் ‘நைசிட்டி’ என்பதும் மூடத்தனத்தையே குறித்தது.

மூடத்தனம் எப்படி நுணுக்கமாயிற்று? அகராதிகள் காட்டும் வழி ஏறத்தாழ இதுதான். முதலில் இச்சொல் மூடனைக் குறித்தது. பிறகு அதே சொல், எதையும் எளிதில் ஏற்காமல் தயங்குபவரைக் குறித்தது. தயங்கித் தயங்கித் தெரிவு செய்பவருக்குச் சிறு வேறுபாடும் கண்ணில் படும் அல்லவா? 16ஆம் நூற்றாண்டளவில் நுண்ணிய வேறுபாட்டைக் காண்பதும், அந்த வேறுபாடும் இச்சொல்லின் பொருளாகிவிட்டன. ‘இனிமையான, நல்ல’ என்று நாம் இன்று அறிந்த பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் ‘நைஸ்’ என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் புதிய பொருள் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு ஜேன் ஒஸ்டினின் ‘நோர்தாங்கர் அபே’ நாவல் சாட்சி. அவர் இறந்த பின், 1817ஆம் ஆண்டின் இறுதியில் அது வெளிவந்தது. அதில் கதரின் என்ற இளம்பெண் தனக்குப் பிடித்த ஒரு கதைப்புத்தகத்தை ‘நைஸ்’ என்று புகழ்கிறாள். ஹென்றி என்ற இளைஞன் விடுவதாயில்லை. புத்தகம் நேர்த்தியானது என்றால் அது கட்டியவனுடைய கைவண்ணம் அல்லவா என்று கேலி செய்கிறான். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லா என்பது அவனது குறை. நேர்த்தி, நுண்மை என்பவையே சொல்லின் மூலப்பொருளாக இருக்கலாம் என்பது அவன் எண்ணம். அதற்கும் முந்திய பொருள் மூடன் என்பது என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருந்தால், கதரின் நன்றாகச் சிரித்திருப்பாள்!

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அறிதலைக் குறிக்கும் அதே ‘ஸ்கீரே’யிலிருந்துதான் விஞ்ஞானத்தைக் குறிக்கும் ‘சயன்ஸ்’ வந்தது. மனச்சாட்சியைக் குறிக்கும் ‘கொன்ஷன்ஸ்’ என்பதும் அங்கிருந்தே வந்தது. அறிவு, மனச்சாட்சி, நுணுக்கம் மூன்றும் ஆங்கிலத்தில் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

எங்கள் அடுப்படியில்

‘நைஸ்’ தமிழுக்கும் வந்துவிட்டது. வந்து என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? “மாவை நைஸாக அரை” என்கிறோம். இங்கே நைஸ் என்றால் இனிமை அல்ல, நுண்மை. திரி திரியாக இல்லாமல் மென்மையாக இருக்கவேண்டும் என்பது பொருள். புடைவைக் கடையில் “இந்தத் துணி நைஸ்” என்றால், நூல் மெல்லியது என்று அர்த்தம். “அவன் நைஸாக நழுவிவிட்டான்” என்றால், பிறர் அறியாதபடி நழுவினான் என்று விளங்கிக்கொள்கிறோம். ஆங்கிலேயர் தம் பேச்சில் ஏறக்குறைய மறந்துவிட்ட நுண்மைப் பொருளை எங்கள் அம்மியும் கிரைண்டரும் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

அரபு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இதோடு இன்னொன்றையும் ஒப்பிடலாம். அரபியில் ‘தகீக்’ என்றால் நுண்ணியது, துல்லியமானது. மாவுக்கும் அதே பெயர். ‘தகீகா’ என்பது ஒரு நிமிடம். அதன் பன்மையான ‘தகாயிக்’ நிமிடங்களையும் குறிக்கும்; நுணுக்கங்களையும் குறிக்கும். நுண்மையை நினைக்கும்போது மாவை நினைப்பது நமது அடுப்படியின் வழக்கம் மட்டுமன்று போலும். ‘லதீஃப்’ என்ற சொல்லிலும் நுட்பமும் மென்மையும் கனிவும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. நுணுக்கமாகப் பார்ப்பவனே கனிவாகவும் நடக்கமுடியும் என்று அந்தச் சொல்லை வைத்தவர்கள் எண்ணினார்களோ என்று நான் நினைப்பதுண்டு.

அயல்வீட்டுச் சொற்கள்

இச்சொல்லுக்கு நெருக்கமான வேறு சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. அவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைக்கமுடியாது.

‘சட்டில்டி’: இதில் ‘பி’ எழுத்து ஒலிக்காது. மூலமான இலத்தீன் சொல்லை நெசவோடு சேர்த்துக் காட்டுவார்கள். தறியில் பாவுக்கு அடியில் ஓடும் மெல்லிய இழையை அது நினைவூட்டும். எளிதில் கண்ணுக்குப் படாத நுட்பம் என்பது பொருள்.

‘நுவான்ஸ்’: பிரெஞ்சில் முகிலைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. ஒரே நிறத்தில் கூடிக் குறையும் சாயல்கள். சொல்லின் தொனியிலும் பொருளிலும் உள்ள மெல்லிய சாயலுக்கு இதைப் பயன்படுத்தவேண்டும்.

‘மினூஷியே’: சின்னஞ்சிறு விவரங்கள். இவை முக்கியமானவையாக இருக்கவேண்டும் என்பதில்லை.

நைசிட்டி இவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது? சட்டில்டி தானாக இருக்கும், நாம் கண்டுபிடிக்கவேண்டும். நுவான்ஸை நாம் உணரவேண்டும். நைசிட்டியையோ ஒருவர் கடைப்பிடிக்கவேண்டும். அதனால்தான் இதனுடன் சேர்ந்து வரும் வினைச்சொற்கள் வேறாக உள்ளன: கடைப்பிடித்தல், பொருட்படுத்தாதிருத்தல், ஒதுக்கிவைத்தல், அவற்றில் மினக்கெடுதல். கட்டுரை எழுதும்போது இந்த வினைச்சொற்களோடு சேர்த்தே சொல்லை மனத்தில் பதியுங்கள். தனிச்சொல்லாகப் பாடமாக்கினால் பரீட்சை மண்டபத்தில் அது தனியாகவே நிற்கும்.

யார் சொல்கிறார்?

இனிமேல்தான் இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. நைசிட்டீஸ் என்ற சொல்லுக்கு முன்னால் ‘வெறும்’ என்ற கருத்துள்ள சொல் அடிக்கடி வந்து நிற்கும். வராதபோதும் அதன் நிழல் விழும். “சட்ட நுணுக்கங்களுக்கெல்லாம் நேரமில்லை” என்று ஒருவர் சொன்னால், அவை அற்பமானவை என்று அவர் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டார். ஆகவே இச்சொல்லைக் கண்டதும் அகராதியைப் பார்த்தால் மட்டும் போதாது. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், அந்த நுணுக்கம் போய்விட்டால் நட்டம் யாருக்கு என்றும் பார்க்கவேண்டும்.

ஷேக்ஸ்பியரின் ‘மெஷர் ஃபோர் மெஷர்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 1604ஆம் ஆண்டு டிசம்பரில் அரசவையில் நடிக்கப்பட்ட நாடகம் அது. வியன்னா நகரின் ஆட்சி தற்காலிகமாக ஆஞ்சலோ என்பவன் கையில் இருக்கிறது. இசபெல்லாவின் சகோதரனுக்கு மரண தண்டனை. கன்னியர் மடத்தில் சேர இருக்கும் இசபெல்லா, அவனுக்காக மன்றாட வருகிறாள். ஆஞ்சலோ அவளது மானத்தை விலையாகக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அப்போது அவன், உனது ‘நைசிட்டி’யையும் நாணத்தையும் ஒருபுறம் வை என்ற கருத்தில் பேசுகிறான். இவ்விடத்தில் அச்சொல்லுக்குத் தயக்கம், கூச்சம் என்று குறிப்புரை எழுதுவார்கள். பொருள் சரிதான். ஆனால் எதை அவன் கூச்சம் என்கிறான்? அவளது மறுப்பை! அவள் கையில் இருந்த ஒரே பாதுகாப்புக்கு அவன் சூட்டிய பெயர் நைசிட்டி. ஊருக்குச் சொல்லிவிடுவேன் என்று அவள் முன்பே எச்சரித்திருந்தாள். தனது பதவியும் நற்பெயரும் அவளுடைய சொல்லை வென்றுவிடும் என்பதே அதற்கு அவன் தந்த பதில்.

இதற்கு மறுபுறம் ‘தி மேர்ச்சன்ட் ஒஃப் வெனிஸ்’. வழக்கறிஞர் வேடத்தில் நீதிமன்றத்துக்கு வரும் போர்ஷியா, பத்திரத்தை வரிவரியாகப் படிக்கிறாள். ஓர் இறாத்தல் சதை என்றுதான் எழுதியிருக்கிறது; இரத்தம் என்று எழுதவில்லை. எடையும் மயிரிழை கூடவோ குறையவோ கூடாது. ஒரு சட்ட நுணுக்கம் அன்டோனியோவின் உயிரைக் காப்பாற்றுகிறது. அதே நுணுக்கம் ஷைலொக்கைக் கைதியைப் போல் கட்டிப்போட்டு, அவன் உடைமைகளையும் பறிக்கும் தீர்ப்புக்கு வழி திறக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. நுணுக்கம் ஒரு கூரிய கத்தி. வைத்திருப்பவரைப் பொறுத்து அது வெட்டும். அதனால்தான் அதை ஒருபக்கத்தார் மட்டும் அறிந்திருப்பது ஆபத்து.

ஒரு நியமனக் கடிதம்

நாடகத்தை விட்டு நமது நாளுக்கு வருவோம். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் ஒப்பந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். விலகும்போது அவை திருப்பிக் கொடுக்கப்பட ‘மே’ என்று எழுதியிருந்தது. ‘ஷல்’ என்று இல்லை.

“டீச்சர், கொடுக்கலாம் எண்டா கொடுக்காமலும் விடலாம்தானே?” என்று கேட்டாள்.

“வேறென்ன மகள்? நீங்க விளங்கிக்கொண்டதுதான் சரி” என்றேன்.

மறுநாள் அவள் போய் அந்த ஒரு சொல்லை மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறாள். அங்கிருந்த அதிகாரி சிரித்தபடி, இந்த நைசிட்டீஸெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது, எல்லாரும் கையொப்பம் வைத்துவிட்டார்கள் என்றாராம். அவர் குரலை உயர்த்தவில்லை. மிகவும் ‘நைஸாக’த்தான் பேசினார். அவளும் குரலை உயர்த்தவில்லை. நுணுக்கம் சிறியதென்றால் மாற்றுவதும் சிறிய வேலைதானே என்று கேட்டிருக்கிறாள். சற்று நேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, அசல் தேவையில்லை, உறுதிப்படுத்திய பிரதிகளைக் கொடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் வகுப்பில் முதல் வரிசை மாணவியல்ல. ஆனால் ‘மே’க்கும் ‘ஷல்’லுக்கும் உள்ள வேறுபாட்டைப் பரீட்சைக்குப் பிறகும் கைவிடாமல் வைத்திருந்தாள். துணைவினைச்சொற்கள் என்று கரும்பலகையில் நான் எழுதும்போது, “இது வாழ்க்கையில் எதற்கு?” என்ற முகத்தோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்வதுண்டு. தமிழிலும் ‘தரும்’ என்பதற்கும் ‘தரலாம்’ என்பதற்கும் இடையில் உள்ளது ஒரு விகுதிதான். அந்த விகுதியில் அவளது பத்து வருடப் படிப்பின் அத்தாட்சி தொங்கியது.

இங்கிதம் என்ற இரண்டாவது பொருளும் இச்சம்பவத்தில் இருப்பதைக் கவனியுங்கள். அவள் சண்டை பிடிக்கவில்லை. ஸலாம் சொல்லி, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லி, கடிதத்தில் அந்த வரியைச் சுட்டிக்காட்டியிருக்கிறாள். பழகுவதில் உள்ள நைசிட்டியைக் காத்தபடியே சட்டத்தில் உள்ள நைசிட்டியைக் கேட்டாள். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்த ஆங்கிலத்துக்கு அன்று அவள் நல்லதொரு விளக்கவுரை எழுதினாள் என்றே சொல்வேன்.

பயிற்சிக்காக

வாசித்துவிட்டு மறக்காமலிருக்கச் சில வேலைகள் தருகிறேன்.

முதலாவது, ஒரு மாதத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைகளில் இச்சொல் வரும் வாக்கியங்களைக் கொப்பியில் வெட்டி ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று பொருள்களில் எது என்று எழுதுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொன்றையும் தமிழாக்குங்கள். நுணுக்கம், நுட்பம், நயம், இங்கிதம், சம்பிரதாயம், துல்லியம் என்ற ஆறில் எது பொருந்துகிறது, ஏன் மற்ற ஐந்தும் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். பொருந்தாததற்குக் காரணம் சொல்லத் தெரிந்தால்தான் பொருந்தியதைத் தெரிந்து எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, ‘வெறும்’ என்ற தொனியில் இச்சொல் வந்த வாக்கியங்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். அங்கே எந்த நுணுக்கம் ஒதுக்கப்படுகிறது, அதனால் யாருக்கு வசதி, யாருக்கு இழப்பு என்று வீட்டில் உம்மாவோடோ வாப்பாவோடோ கதைத்துப் பாருங்கள். சில நேரம் உண்மையிலேயே அது அற்பமான ஒரு சம்பிரதாயமாக இருக்கும். ஒதுக்கினால் எல்லாருக்கும் நன்மையாக இருக்கும். வேறு சில நேரம் யாரோ ஒருவருடைய கடைசிப் பிடிமானமாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் நாம் மொழி படிக்கிறோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இனி யாராவது ஒரு தாளை நீட்டி, “இது சும்மா ஒரு நடைமுறைதான், கையொப்பத்தை வையுங்க” என்று சொன்னால், பேனையைத் திறக்குமுன் தாளைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் துணைவினைச்சொற்களில் இருந்து தொடங்குங்கள்.